பழைய இன்ஜினுக்குப் புது பிளக், புது காயில்: ஓட ஓடத் தெரிய வருபவை

பழைய பெட்ரோல் இன்ஜினில் காயில் (பேட்டரி மின்சாரத்தை உயர் வோல்டேஜாக மாற்றும் இக்னிஷன் காயில்) போய்விட்டது என்றால் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டருக்குள் பொறி எழுப்பும் ஸ்பார்க் பிளக்கைத்தான். பிளக்கின் முனை தேயத் தேய, இரு முனைகளுக்கு இடையிலான கேப் கூடுகிறது. கேப் கூடினால் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். அந்தச் சுமையை நாள்கணக்கில் இழுத்துத்தான் காயிலின் உள் இன்சுலேஷன் உடைகிறது. தேய்ந்த பிளக்கை அப்படியே விட்டுக் காயிலை மட்டும் மாற்றினால், புதுக் காயிலும் சீக்கிரமே போகும்.

ஐடிலில் நடுக்கம், மேடேறும்போது உதறல், மழை நாளில் மட்டும் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவது) என்றெல்லாம் தொடங்கும். பழுதுக் கோடு படிக்கும் ஸ்கேனரில் பி0302 வந்தால் மிஸ் ஆவது இரண்டாவது சிலிண்டர். அந்தக் காயிலை மட்டும் மூன்றாவதுக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான் பழுது. பி0302-லேயே நின்றால் பிளக், அடுத்து இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். பி0351 முதல் பி0354 வரை (காயில் சர்க்யூட் பழுது) வந்தால் காயில் வாங்குமுன் கனெக்டரையும் ஒயரையும் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கு ஒரே காயில் உள்ள வண்டியில் 1-4 அல்லது 2-3 ஜோடியாக மிஸ் ஆகும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் ஓட்டாதீர்கள்; எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

மல்டிமீட்டரை முழுசாக நம்ப முடியாது. ஆறிய காயில் சரியான ஓம்ஸ் காட்டிவிட்டு, சூடானதும் மக்கர் செய்யும். இக்னைட்டர் (காயிலை ஆன்-ஆஃப் செய்யும் சர்க்யூட்) உள்ளேயே இருக்கும் காயில்களை ஓம்ஸ் பார்த்துப் பயனுமில்லை.

கழற்றும் வேலை முழுக்க ஆறிய இன்ஜினில். சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கை முறுக்கினால் மரை பெயர்ந்து வரும். பழைய கனெக்டர் லாக் வெயிலில் கிடந்த அப்பளம் மாதிரி. ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் விரலால் அழுத்தி எடுங்கள். காயிலை முதலில் இடம் வலமாகத் திருகி, பூட் (பிளக்கை மூடும் ரப்பர் குழல்) ஒட்டு விட்டபின் இழுக்க வேண்டும். பிளக்கை அரைச் சுற்று தளர்த்தி நிறுத்தி, குழிக்குள் காற்றடித்து மண்ணை வெளியேற்றிவிட்டு மீதியைக் கழற்றுங்கள். கீச்சென்று சத்தம் போட்டு இறுகினால் துருநீக்கி எண்ணெய் விட்டுக் காத்திருந்து, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மெல்ல வாங்க வேண்டும்.

குழிக்குள் ஆயில் நின்றால் டேப்பட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) கேஸ்கெட்டோ பிளக் குழாய் சீலோ போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போடுவது வீண். ஆயிலில் ஊறி ரப்பர் பூட் உப்பி, பொறி பக்கவாட்டில் ஹெட்டுக்குத் தாவும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் உலோக உடலை ஒட்டிப் பழுப்பு வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது கசிவல்ல. மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் பொறி தாவிய தடம். பிளக்கையும் பூட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மாட்டும்போது ராட்செட்டைத் தொடாமல், எக்ஸ்டென்ஷனைக் கையால் மட்டும் திருகி இறக்குங்கள். அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25–30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. பிளக்குக்கு 15–20. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) இல்லையென்றால், 14 மி.மீ. புதுப் பிளக்கைக் கையால் முட்டியபின் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று. வாஷர் இல்லாத கூம்பு வகைக்கு பதினாறில் ஒரு சுற்று போதும். மரையில் கிரீஸோ ஆன்டிசீஸோ (மரை ஒட்டிக்கொள்ளாமல் தடவும் பசை) வேண்டாம். வழுக்கலால் அதே டார்க்கில் அளவுக்கு மீறி இறுகிவிடும். டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) பூட்டின் உள்விளிம்பில் மட்டும், மெல்லிதாக.

கேப் பெரும்பாலும் 0.8–1.1 மி.மீ.க்குள் வரும், வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு. இரிடியம் பிளக்கின் நடுமுனை அரை மி.மீ. தடிமன்தான், காசு வடிவ கேஜை நுழைத்து நெம்பினால் முறிந்துவிடும். ஹீட் நம்பரை (பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை வெளியேற்றும் என்று காட்டும் எண்) கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடாதீர்கள். என்ஜிகே, டென்சோவில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றுவது. பாஷில் எண் கூடினால் சூடான பிளக்.

நிக்கல் பிளக் 30,000–40,000 கி.மீ. தாங்கும், நீண்டநாள் வகை இரிடியம் லட்சம் கி.மீ.யைத் தொடும். ஆனால் ஆயில் குடிக்கும் கிழட்டு இன்ஜினில் இரிடியமும் படிவு ஏறிக் கெடும். அங்கே நிக்கலைப் போட்டு நேரத்துக்கு மாற்றுவதே மேல். ஜோடிக் காயில் வண்டியில் பாதி பிளக்குகளுக்கு மின்சாரம் எதிர்த்திசையில் பாய்வதால் தரைமுனை தேயும். அதனால் இருமுனையிலும் பிளாட்டினம் உள்ளதையே வாங்குங்கள். பழையதையே திரும்ப மாட்டினால் அதே சிலிண்டரில் போடுங்கள்.

பிளக்கை மொத்தமாக மாற்றுங்கள். காயிலில் கெட்டதை மட்டும் மாற்றினால் போதும். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் கை போகும் என்கிற இன்ஜினில் மட்டும் எல்லாக் காயிலையும் ஒரே தடவையில் முடித்துவிடலாம். அப்படிக் கழற்றியதில் நல்லது ஒன்றை, போல்ட்டுக்குப் பொருந்தும் சாக்கெட்டோடு, டிக்கியில் போட்டு வையுங்கள்.