பேய் வீட்டுக் காட்சி: 360 டிகிரியா, 180 டிகிரி முப்பரிமாணமா?

வி.ஆர். கண்ணாடியை (தலையில் மாட்டிப் பார்க்கும் திரை) அணிந்து பார்க்கும் காட்சியை எடுக்க இரு வழிகள்: சுற்றிலும் எல்லாப் பக்கமும் தெரியும் 360, முன்பாதி மட்டும் ஆழத்தோடு தெரியும் 180. முதுகுக்குப் பின்னால் ஏதோ நிற்கிறது என்ற பயம்தான் காட்சியின் உயிர் என்றால் 360. ஆனால் பார்ப்பவர் தானாகத் திரும்ப மாட்டார். பின்பக்கம் ஒரு கதவு கிரீச்சிட வேண்டும், அதுவும் ஆம்பிசோனிக் ஒலியில் (எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியும் ஒலி). அவர் திரும்ப 2, 3 விநாடி விட்டு உருவத்தை அசையுங்கள். விளக்கை ஒளிக்க இடமில்லை. மேஜை விளக்கும் மெழுகுவத்தியும்தான் வெளிச்சம். தையல் கோட்டில், அதாவது வெவ்வேறு லென்ஸ்களின் படங்களை ஒட்டும் இடத்தில், கேமராவிலிருந்து ஒரு மீட்டருக்குள் பேய் வந்தால் முகம் பிளந்து, பயத்துக்குப் பதில் சிரிப்பு வரும். லென்ஸுக்கு நேரே நிறுத்துங்கள்.

180இல் இரு லென்ஸ்கள், கண்களைப் போல சுமார் 6 செ.மீ. இடைவெளியில். தையலே இல்லை. முகம் நெருங்கினால் மூச்சு படுவது போலிருக்கும். பின்பக்கம் வெறும் கறுப்பு. விளக்கும் ஆட்களும் அங்கே தாராளமாக நிற்கலாம்.

எதுவானாலும் கேமராவை நகர்த்தாதீர்கள், தலைசுற்றும். குறுகிய அறை, ஒரே பேய் என்றால் 180 போதும்.