மருந்துக்கடை பில்லிங் மென்பொருள்: கையெழுத்துக்கு முந்தைய பத்து நாட்கள்

எங்கள் மருந்துக்கடைக்காக ஒரு சிறு நிறுவனத்திடம் பில்லிங் மென்பொருள் எழுதி வாங்கி, சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். திரை தெளிவாக இருக்கிறது, வேகத்திலும் குறையில்லை. ஆனாலும் கொடுத்த பணம் செரித்தது, ஏற்புக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் நாங்களே ஓட்டிப் பார்த்த பத்து நாட்களால்தான்.

அந்த நாட்களையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. "எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு சார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்று முதல் நாளே கடிதத்தை நீட்டினார்கள். அதில் பொய்யில்லை, ஒப்பந்தத்தில் எழுதியபடி மென்பொருள் நடக்கிறதா என்று அவர்கள் பார்த்திருந்தார்கள். கவுன்டரில் நிற்பவருக்கு அது பயன்படுமா என்று பார்ப்பதுதான் யூஏடி எனப்படும் பயனர் ஏற்புச் சோதனை. அதைக் கவுன்டரில் நிற்பவர்தான் செய்ய முடியும்.

நிறுவனம் தந்த மாதிரித் தரவை ஒதுக்கிவிட்டு, முந்தைய வாரத்து பில்களையே மீண்டும் போடும்படி எங்கள் மூத்த ஃபார்மசிஸ்டிடம் சொன்னோம். மூன்றாவது பில்லிலேயே சிக்கியது. பத்து மாத்திரை அட்டையில் நான்கை வெட்டிக் கொடுத்தால், மென்பொருள் முழு அட்டையையும் இருப்பிலிருந்து கழித்துவிட்டது. மீதி ஆறும் டிராயரில் இருந்தன, கணக்கில் இல்லை. ஒப்பந்தத்தில் நாங்களும் இதைக் குறிப்பிடவில்லை. அன்றாடம் செய்கிற வேலை என்பதால் சொல்லத் தோன்றவே இல்லை.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் விற்ற மருந்து திரும்பி வந்தால் பழைய விகிதத்திலேயே வரவு வைக்க வேண்டும்; இது 5 சதவீதமே போட்டது. இதைவிட என்னைக் கலங்க வைத்தது ஹெச்1 பதிவேடு. ஹெச்1 என்பது கூடுதல் கண்காணிப்புடன் விற்க வேண்டிய மருந்துகளின் அரசு அட்டவணை. 2014 மார்ச் முதல் அமலில் உள்ள அந்த அட்டவணையின் மருந்துகளை விற்கும்போது, மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனியே பதிந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இங்கோ மருத்துவர் பெயரை நிரப்பாமலே பில் வெளியே வந்தது.

சுட்டிக்காட்டிய குறைகளை முகம் சுளிக்காமல் திருத்திக் கொடுத்தார்கள் என்பதை நிறுவனத்தின் பக்கம் சொல்லியாக வேண்டும். ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதே ஹெச்1 பதிவேட்டை அச்சிட்டால் கடைசி நெடுவரிசை தாளின் ஓரத்தில் வெட்டுப்படுகிறது. பத்து நாளும் நாங்கள் அதைத் திரையில் மட்டுமே பார்த்திருந்தோம்.