லெஸ்டரில் ஸ்டூடியோ அறை: ஒப்பந்தம் முடியும்வரை இருந்து பார்த்ததில்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகும் தூரத்தில், தனியார் மாணவர் குடியிருப்பு ஒன்றில் ஸ்டூடியோ (அடுப்பும் குளியலறையும் உள்ளேயே இருக்கும் தனி அறை) எடுத்து 51 வார ஒப்பந்தம் முழுவதும் இருந்தேன். கட்டடத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த ஊரின் எந்தக் கட்டடத்துக்கும் பொருந்தும். முதுகலைக்குச் செப்டம்பரில் வருகிறவர்கள் ஜூன், ஜூலையில் கேட்பது ஒரே கேள்விதான்: என்சூட்டா, ஸ்டூடியோவா?

தனிக் குளியலறை வேண்டும் என்பதற்காக ஸ்டூடியோ எடுக்கத் தேவையில்லை. அது என்சூட்டிலேயே உண்டு. அங்கே ஐந்தாறு பேருக்குப் பொதுவாக இருப்பது சமையலறை மட்டும்தான். ஆக, கூடுதலாகக் கொடுக்கும் பணம் கிட்டத்தட்ட முழுவதும் அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் போகிறது. என் கட்டடத்தில் என்சூட் வாரத்துக்கு 125 பவுண்டு, ஸ்டூடியோ 175. 51 வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 2,550 பவுண்டு வித்தியாசம். என்சூட்டை 44 வாரத்துக்கும் தந்தார்கள், ஸ்டூடியோவுக்கு அந்த வசதி இல்லை. அப்படிப் பார்த்தால் வித்தியாசம் 3,425. ஓர் அடுப்புக்கு இது பெரிய தொகை.

எனக்கு அது கட்டுப்படியானதற்குக் காரணம் என் வேலை நேரம். மாணவர் விசாவில் வகுப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். வார இறுதியில் முதியோர் இல்லமொன்றில் இரவுப் பணி பார்த்தேன். விடியற்காலையில் வந்து குக்கர் வைத்து, ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுப் பகலில் தூங்க வேண்டும். பொதுச் சமையலறையில் அந்த நேரத்தில் விசில் விட்டால் பக்கத்து அறைக்காரர் சும்மா இருப்பாரா? பகலில் மட்டும் வகுப்பு, மதியம் வெளியே சாப்பாடு என்று இருப்பவர்களுக்கு இந்தக் கூடுதல் செலவு வீண்தான்.

அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் அறையில் இருந்தது இரண்டு பாத்திரம் வைக்கும் இன்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவும் ஓவனும் சேர்ந்த ஒரு பெட்டி, மேடைக்குக் கீழே சின்ன ஃப்ரிட்ஜ். இன்டக்‌ஷனா, செராமிக்கா என்று முன்பதிவுக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து தூக்கிவரும் சாதாரண அலுமினியக் குக்கர் இன்டக்‌ஷனில் சூடே ஆகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். மிக்ஸிக்குப் பிரச்சினை இல்லை, இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. ஃப்ரிட்ஜில் ஒரு பாத்திரம் மாவு வைத்தால் பால் கேனுக்கு இடம் தேட வேண்டும். ஆனால் குளிர்காலத்தில் மாவை ஹீட்டர் பக்கத்தில் நாற்காலி மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம், காலையில் பொங்கியிருக்கும். பொதுச் சமையலறையில் இரவு முழுக்க மாவைக் காவல் காக்க முடியாது.

தாளிப்புதான் சோதனை. புகை உணர்கருவி கட்டிலுக்கு மேலே, அதே கூரையில்தான் இருக்கிறது. அடுப்புக்கு மேலுள்ள விசிறி புகையை வெளியே தள்ளுவதில்லை, வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறது. ஜன்னலோ பாதுகாப்புக்காக ஒரு சாண் அளவுதான் திறக்கும். எங்கள் கட்டடத்தில் அலாரம் முதலில் அறைக்குள் மட்டும் அடிக்கும், சில நிமிடங்களில் புகை அடங்காவிட்டால் மொத்தக் கட்டடமும் தெருவில் நிற்க வேண்டியதுதான். பிளாஸ்டிக் உறை போட்டுக் கருவியை மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒப்பந்த மீறல், அபராதம் என்பதெல்லாம் அப்புறம், தூங்கும்போது தீப்பிடித்தால் எழுப்ப வேறு ஒன்றும் கிடையாது. குறைந்த சூட்டில் எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டு உடனே மூடினால் போதும். காய்ந்த மிளகாயைக் கருக விடக் கூடாது, அவ்வளவுதான். ஊதுபத்திக்கும் மெழுகுவத்திக்கும் எங்கள் ஒப்பந்தத்தில் தடை. பேட்டரி விளக்குதான் கார்த்திகைக்கு.

மீன் குழம்பு வைத்தால் மறுநாள் வகுப்பில் என் குளிர்கோட்டு அதைச் சொல்லிவிடும். சமைக்கும்போது கோட்டையும் துண்டையும் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தப் பழகிக்கொண்டேன்.

சுவரில் மின் ஹீட்டர். பொத்தானை அழுத்தினால் ஒரு மணி நேரம் ஓடித் தானாக நின்றுவிடும். மின்கட்டணம் வாடகையில் சேர்த்தி, ஆனால் ‘நியாயமான அளவு’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும், அந்த அளவு எத்தனை யூனிட் என்று கேளுங்கள். சமைப்பது, குளிப்பது, துணி காயப்போடுவது எல்லாம் ஒரே அறையில் என்பதால் ஜனவரியில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும். என் குளியலறைக் காற்றோட்ட விசிறி நின்றுபோனபோது சரிசெய்ய வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அதற்குள் மூலையில் பூஞ்சை வந்துவிட்டது. வரவேற்பு மேசையில் வாயால் சொன்னதற்குப் பலன் இல்லை, படத்தோடு மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் ஆள் வந்தார்.

இணையதளத்தில் அறையின் சதுர மீட்டரைப் பெரிதாகப் போடுவார்கள். நான் அதைவிட ஜன்னல் எந்தப் பக்கம் என்றே கேட்பேன். எனக்குக் கிடைத்தது உள்முற்றப் பக்கம். சத்தம் இல்லை, பகல் தூக்கத்துக்கு நல்லது. ஆனால் டிசம்பரில் நான்கு மணிக்குள் சூரியன் மறைகிற ஊரில், அந்த அறைக்கு வெளிச்சம் என்று ஒன்று வரவே இல்லை. சாலைப் பக்கத்து அறைகளில் வெளிச்சம் உண்டு. கூடவே வெள்ளி இரவுக் கூத்தும், கிங் பவர் கால்பந்து மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாள்களில் கூட்டத்தின் பாட்டும்.

மளிகைக்கு இந்த ஊரில் குறையே இல்லை. சோர் ஆற்றைத் தாண்டினால் நார்பரோ சாலை, பல நாட்டுக் கடைகள். நகரின் வடக்கே பெல்கிரேவ் சாலையில் கருவேப்பிலை, முருங்கைக்காய், துவரம்பருப்பு எல்லாம் கிடைக்கும். 1972இல் உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்ட இந்திய வம்சாவளியினரில் பலர் குடியேறிய ஊர் இது. அப்போது லெஸ்டர் மாநகராட்சி ‘இங்கே வர வேண்டாம்’ என்று உகாண்டா செய்தித்தாளிலேயே விளம்பரம் கொடுத்தது. இன்று அதே பெல்கிரேவ் சாலையில் நடக்கும் தீபாவளிக்கு வெளியூரிலிருந்தெல்லாம் கூட்டம் வருகிறது.

தனிமை பற்றிக் கேட்பீர்கள். இருந்தது. என்சூட் நண்பர்களுக்குச் சமையலறையே திண்ணை. யாராவது டீ போட வருவார்கள், பேச்சு ஓடும். ஸ்டூடியோவில் கதவைச் சாத்தினால் மறுநாள்வரை யாரும் தட்ட மாட்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாடியே காலி. “யாராவது ஒரு பொண்ணைக் கூட வச்சுக்கக் கூடாதாம்மா?” என்று அம்மா வீடியோ அழைப்பில் கேட்டுக்கொண்டே இருந்தார். அது அவ்வளவு எளிதல்ல. சில ஸ்டூடியோக்களில் கூடுதல் கட்டணத்துக்கு இரண்டாவது ஆளை அனுமதிப்பார்கள், ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்க வேண்டும். மற்றபடி விருந்தாளி இத்தனை இரவுதான் என்று கணக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகச் சமைத்து நான்கு பேரைக் கூப்பிடுவேன். அந்த அறையில் நான்கு பேர் உட்கார்ந்தால் இருவர் கட்டிலில்தான்.

பண விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் வசிக்கும் ஜாமீன்தாரர் கேட்பார்கள். இல்லாவிட்டால் பெரும் பகுதியை முன்பணமாகக் கேட்பது வழக்கம், அல்லது கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்கள் உண்டு. விசாவுக்குக் காட்டும் வங்கி இருப்பில், பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்த விடுதிக்குக் கட்டிய பணத்தைத்தான் ஒரு வரம்புவரை கழித்துக்காட்டலாம். தனியார் கட்டடத்துக்கு நேரடியாகக் கட்டியது கணக்கில் வராது. அதனால் விசா வரும்முன் முழு வாடகையையும் கட்டிவிட்டு இருப்பைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வருமா, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஒப்பந்தம் முடியும் தேதியையும் ஆய்வேடு கொடுக்கும் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு ஒப்பந்தம் முன்னால் முடிந்தது. கடைசி வாரங்களை நார்பரோ சாலைக்குப் பின்னால் ஒரு பகிர்வு வீட்டில் எழுதி முடித்தேன். முழுநேர மாணவராக இருக்கும்வரை கவுன்சில் வரி (குடியிருக்கும் வீட்டுக்கு மாநகராட்சி வாங்கும் வரி) இல்லை. படிப்பு முடிந்த பிறகு அந்த விலக்கு போய்விடும், பகிர்வு வீட்டுக்கு மாறுகிறவர்கள் இதை வீட்டுக்காரரிடம் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

காலி செய்தபோது அடுப்புக் கண்ணாடியில் கீறல் என்று வைப்புத்தொகையில் 45 பவுண்டு பிடித்தார்கள். நுழைந்த அன்றே எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிய படத்தில் அந்தக் கீறல் இருந்தது. அதைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.