பீடியைக் குறைப்பதா, நிகோடின் சூயிங்கத்துக்கு மாறுவதா?

கோத்தகிரியில் மழையும் குளிரும் தொடங்கி, இருமல் பரவும்போது பலர் கேட்பது இதைத்தான். (நிகோடின் சூயிங்கம்: பீடிப் பழக்கத்தை நிறுத்த உதவும் மெல்லும் மருந்து; புகையிலையில் உள்ள போதைப் பொருளான நிகோடின் அதில் சிறிதளவு இருக்கும்.)

நுரையீரல்: இரண்டே பீடி என்றாலும் புகை புகைதான். சளியையும் கிருமியையும் மேலே தள்ளும் மூச்சுக்குழாய் நுண்மயிர்களை அது முடக்குகிறது. புகைப்பவர்களுக்கு ஃப்ளூவும் கோவிட்டும் முற்றுவது இதனாலும்தான். சூயிங்கத்தில் புகை இல்லை. ஆனால் நிகோடின் வைரஸைத் தடுக்கும் என்று 2020-இல் கிளம்பிய பேச்சை நம்பாதீர்கள்.

செலவு: பீடி மலிவு. சூயிங்கம் கூடுதல், சில மாதங்களுக்கு மட்டும்.

பழக்கம்: 2 மி.கி. துண்டை மெல்ல மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்குங்கள். டீ, காபி குடித்தால் 15 நிமிடம் பொறுங்கள். இல்லாவிட்டால் மருந்து சரியாக ஏறாது. தேயிலைத் தோட்டத்தில் இதுதான் சிரமம்.

கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் டாக்டரைக் கேளுங்கள். ஒரேயடியாக விட முடியாத மற்றவர்களுக்குச் சூயிங்கமே மேல். இலவச உதவி எண்: 1800-11-2356.