ஒன்பது சர்வர், ஒரு மடிக்கணினி: ஆன்சிபிளோடு ஆறு வருடம்

மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றி ஒன்பது சர்வர்களை நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டாலும் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. இரண்டு செம்பனை ஆலைகளின் எடைமேடைகள், ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம், ஒரு லாரிப் பட்டறை, மீதி சின்னக் கடைகள். எல்லாமே உபுண்டு லினக்ஸ். 2019 கடைசியிலிருந்து இவற்றின் கான்ஃபிக் கோப்புகளை, அதாவது மென்பொருள்களின் அமைப்பு விவரக் கோப்புகளை, ஆன்சிபிள் வழியாகத்தான் ஏற்றுகிறேன். ஒரே கணினியிலிருந்து பல சர்வர்களைச் சீராக அமைக்க உதவும் கருவி அது. நம் பக்கத்தில் என்னைப் போலத் தனியாகச் சர்வர் பார்ப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் கைவேலைதான். எஸ்சிபி கட்டளையால் கோப்பைத் தற்காலிகக் கோப்புறைக்கு அனுப்புவேன். அப்புறம் உள்ளே நுழைந்து, சூடோ போட்டு நிர்வாகி உரிமையோடு உரிய இடத்துக்கு நகர்த்தி, உரிமையாளர் பெயரை மாற்றி, சேவையை மறுபடி ஏற்ற வேண்டும். இதையே ஒன்பது முறை செய்ய வேண்டும். ஐந்தாவதில் தொலைபேசி வரும், ஆறாவது விட்டுப்போகும்.

அப்படி விட்டுப்போனதில் ஒன்று இன்றும் மனதில் இருக்கிறது. ஓர் ஆலையில் உள்ளே வரும் லாரியை ஒரு மேடையிலும், குலையைக் கொட்டிவிட்டு வெளியே போகும் லாரியை இன்னொரு மேடையிலும் நிறுப்பார்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கணினி. நேரத்தைச் சரிபார்க்கும் குரோனியின் கோப்பை ஒன்றில் திருத்திவிட்டு மற்றதில் மறந்துவிட்டேன். ஒரு நாள் அச்சாகி வந்த சீட்டில் உள்ளே வந்த நேரம் 9:42, வெளியே போன நேரம் 9:36. வெளியே போன லாரி எப்படி அப்புறம் உள்ளே வரும்? கிராணி (எழுத்தர்) கையெழுத்துப் போட மறுத்தார். சிறுதோட்டக்காரர் வெயிலில் நின்றார். எடை சரியாகத்தான் இருந்தது, ஆனால் நேரம் தப்பான சீட்டில் எடையை யார் நம்புவார்கள்? மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தொடங்கியது இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அன்றிலிருந்து இங்கே குலையின் எடைதான் குடும்பத்தின் சோறு. என் அப்பாவும் குலை வெட்டியவர். அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்த அன்று இரவே வேறு வழி தேட ஆரம்பித்தேன்.

முதலில் இரண்டு சர்வர்களில் மட்டும் பழகிக்கொண்டிருந்தேன். 2020 மார்ச் 18 அன்று கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆலைகள் ஓடின, நான் வீட்டில். நினைத்த நேரத்தில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போக முடியாது என்ற நிலையில், மீதி ஏழையும் இரண்டே வாரத்தில் இதற்குள் கொண்டுவந்தேன்.

ஆன்சிபிளை 2012-இல் மைக்கேல் டீஹான் வெளியிட்டார், 2015-இல் ரெட் ஹேட் வாங்கிக்கொண்டது. எனக்குப் பிடித்த விஷயம், சர்வரில் தனியாக ஏஜென்ட் என்ற துணை நிரல் எதையும் நிறுவ வேண்டாம் என்பது. தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழையும் எஸ்எஸ்ஹெச் வழியும் அங்கே பைத்தான் மொழியும் இருந்தால் போதும். கோப்பு என் மடிக்கணினியில் இருக்கும். எந்தச் சர்வரில் எங்கே போய் உட்கார வேண்டும், யார் பெயரில், என்ன அனுமதியோடு என்பதை யாமல் என்ற எளிய உரை வடிவக் கோப்பில் எழுதிவைப்பேன். சர்வருக்குச் சர்வர் மாறும் ஐபி முகவரி, பெயர் போன்றவற்றை ஜிஞ்சா வார்ப்புருவில் நிரப்பிக்கொள்ளும். அங்கே ஏற்கெனவே இருக்கும் கோப்பும் என் கோப்பும் ஒன்றாக இருந்தால் தொடாது, பச்சையில் ‘ஓகே’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகும். மாறியிருந்தால் மஞ்சள்.

இன்னொன்றும் உண்டு. புதிய கோப்பை முதலில் தற்காலிக இடத்தில் முழுதாக இறக்கிவிட்டு, அப்புறம்தான் ஒரே அடியில் பழையதன் இடத்தில் வைக்கிறது. மழையும் இடியும் வந்தால் இணைப்பு போய்விடும் ஊர் இது. பாதிக் கோப்போடு ஒரு சர்வர் நின்றதை இந்த ஆறு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

இனி, அடிபட்டுக் கற்றது. என் கோப்புதான் சரி என்று ஆன்சிபிள் முழுதாக நம்பும். அங்கே யாராவது கையால் எதையாவது சேர்த்திருந்தால் அதன் மேலேயே எழுதிவிடும். ஆலையில் கணினி பார்க்கும் தம்பி ஒரு ராத்திரி, குலையைத் தரம் பார்க்கும் இடத்தில் வைத்த புதுக் கணினிக்காகப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குள் யாரை விடலாம் என்று சொல்லும் அனுமதிக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்திருக்கிறார். அவசரத்துக்குச் சேர்த்தது, வேலையும் நடந்தது. என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். அடுத்த வாரம் நான் வேறொரு மாற்றத்துக்காக அந்தக் கோப்பை ஏற்றினேன். அந்த வரி போயிற்று. ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகள் அப்படியே ஓடியதால் அன்று யாருக்கும் தெரியவில்லை. காலையில் கணினியை அணைத்துப் போட்டதும் உள்ளே விடவில்லை. ஆறு மணிக்குப் போன். “அண்ணே, ராத்திரி நல்லாத்தானே ஓடிச்சு! வெளியே லாரி வரிசையா நிக்குது.”

பேக்கப் என்ற விருப்பத்தைப் போட்டுவைத்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது. பழைய கோப்பு தேதியும் நேரமும் பெயரில் ஒட்டிய நிலையில் பக்கத்திலேயே இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு வரியைக் கண்டுபிடித்துச் சேர்த்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. அன்றிலிருந்து செக், டிஃப் என்ற இரண்டு விருப்பங்களும் இல்லாமல் முதல் ஓட்டம் ஓட்டுவதில்லை. எதையும் மாற்றாமல், என்ன மாறப்போகிறது என்று மட்டும் வரி வரியாகக் காட்டும். கழித்தல் குறியோடு சிவப்பில் நான் எழுதாத ஒரு வரி தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். யார் சேர்த்தது என்று கேட்டு, அதை என் கோப்புக்குள் கொண்டுவந்த பிறகுதான் ஏற்றம். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் மலாயிலும் தமிழிலும் ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன்: ‘இங்கே திருத்தினால் அழிந்துபோகும், எனக்குச் சொல்லுங்கள்.’ தம்பி இப்போது கட்டாயம் சொல்லிவிடுகிறார்.

அடுத்தது ஹேண்ட்லர். கோப்பு மாறினால் மட்டும் சேவையை மறுபடி ஏற்றும் ஏற்பாடு அது. மூன்று கோப்புகள் மாறினாலும் கடைசியில் ஒரே முறைதான் ஓடும். அருமையான ஏற்பாடு, ஆனால் அந்தக் ‘கடைசியில்’ என்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. கடன் சங்கத்தில் உறுப்பினர்கள் ஆவணப் படங்களை ஏற்ற முடியவில்லை என்றார்கள். அங்கே ஓடும் வலைச் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் தானாக விடும் அளவு 1 எம்பிதான், அதற்கு மேல் போனால் 413 என்ற பிழை எண்ணோடு திருப்பிவிடும். 20 எம்பி என்று மாற்றி ஏற்றினேன். கோப்பு போய்ச் சேர்ந்தது, அதற்கு அடுத்த வேலையில் இணைப்பு அறுந்தது. மறுபடி ஓட்டினேன், எல்லாம் பச்சை. சரி, முடிந்தது என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே 413. கோப்பைத் திறந்து பார்த்தால் 20 என்றுதான் இருக்கிறது. இரண்டு மணி நேரம் தேடிய பிறகுதான் விளங்கியது: முதல் ஓட்டம் பாதியில் நின்றதால் ஹேண்ட்லர் ஓடவே இல்லை. இரண்டாவது ஓட்டத்தில் கோப்பு மாறாததால் அதை யாரும் கூப்பிடவும் இல்லை. என்ஜின்எக்ஸ் பழைய கான்ஃபிக்கை நினைவில் வைத்தபடி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கோப்பு ஏறும் வேலைக்கு அடுத்த வரியிலேயே, காத்திருக்கும் ஹேண்ட்லர்களை உடனே ஓட்டும் ஃபிளஷ் ஹேண்ட்லர்ஸ் போட்டுவிடுகிறேன். ஓட்டம் பாதியில் அறுந்தால், எல்லாம் பச்சையாகத் தெரிந்தாலும் சேவையை ஒருமுறை கையால் ஏற்றிவிடுகிறேன்.

வேலிடேட் என்ற வசதியைப் புதிதாக வருபவர்கள் முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டும். கோப்பை உரிய இடத்தில் வைப்பதற்கு முன்னால் சோதனைக் கட்டளையை ஓட்டிப் பார்க்கும், தப்பென்றால் பழையதைத் தொடாது. நிர்வாகி உரிமை யாருக்கு என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்புக்கும் எஸ்எஸ்ஹெச் கோப்புக்கும் இது இல்லாமல் ஏற்றவே கூடாது. அவை கெட்டால் நீங்களே வெளியே நிற்பீர்கள். என்ஜின்எக்ஸ் முதன்மைக் கோப்புக்கும் சரியாக வேலை செய்யும். ஆனால் தளத்துக்கொரு துண்டுக் கோப்பு வைத்திருந்தால் அதைத் தனியாகச் சோதிக்க முடியாது, அது முழுக் கோப்பு அல்ல. அதற்கு, ஏற்றிய பின் மொத்தத்தையும் சோதிக்கும் வேலை ஒன்றைத் தனியாக எழுதி, அது தேறினால்தான் ஹேண்ட்லர் என்று வைத்திருக்கிறேன்.

ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று சொல்லும் அனுமதி எண்ணிலும் கவனம் வேண்டும். முன்னால் சுழியமும் இல்லாமல் மேற்கோள் குறியும் இல்லாமல் 644 என்று எழுதினால் அதைச் சாதாரண எண்ணாக எடுத்துக்கொள்ளும். அனுமதிகளைக் குறிக்கும் எண்ம முறையில் (எட்டை அடியாகக் கொண்ட எண் முறை) அது 1204 ஆகிவிடும். அதாவது உரிமையாளர் எழுதலாம், ஆனால் படிக்க முடியாது! லாரிப் பட்டறையின் செயலி தன் கோப்பையே படிக்க முடியாமல் நின்றது இதனால்தான். மேற்கோள் குறிக்குள் ‘0644’ என்றே எழுதுங்கள்.

சிறு குறைகளும் உண்டு. நூற்றுக்கணக்கான கோப்புகள் உள்ள கோப்புறையைக் காப்பி மாட்யூலால் அனுப்பினால் பசியாறிவிட்டே வரலாம். அதற்கு, மாறியதை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் கருவியை உள்ளே வைத்து ஓடும் சிங்க்ரனைஸ் இருக்கிறது. விண்டோஸ் கணினியிலிருந்து நேரடியாக ஆன்சிபிளை ஓட்ட முடியாது. தளத் துண்டுக் கோப்புகள் இருக்கும் சைட்ஸ் எனேபிள்டு கோப்புறைக்குள் பேக்கப் விருப்பத்தோடு எழுதினால் அந்தப் பழைய நகலையும் என்ஜின்எக்ஸ் சேர்த்துப் படித்துவிடும். டிஃப் கடவுச்சொல்லையும் திரையில் காட்டிவிடும், அந்த வேலைகளுக்கு மட்டும் அதை அணைத்துவையுங்கள். என் கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்துவைப்பது கிட் என்ற கருவியில். கடவுச்சொற்களை நான் ஆன்சிபிளின் வால்ட்டில் பூட்டித்தான் அதில் வைக்கிறேன்.

ஒரே ஒரு சர்வர் வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லமாட்டேன். எஸ்சிபியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். மூன்றைத் தாண்டினால் ஒரு வாரம் ஒதுக்கிப் பழகுங்கள், குரோனி கோப்பிலிருந்து தொடங்குங்கள். சிறியது, தப்பினாலும் திருத்திக்கொள்ளலாம். எடைமேடைக் காட்டியோடு கம்பியில் இணைந்த பழைய விண்டோஸ் கணினிகளை மட்டும் நான் இன்னும் இதற்குள் கொண்டுவரவில்லை.

இந்த வருடம் ஆலைத் தம்பிக்கும் கிட்டைத் திறந்துவிட்டேன். தன் ஆலைச் சர்வர்களுக்கு மட்டும் லிமிட் போட்டு ஓட்டுகிறார். போன வாரம் டிஃப் திரையைப் படம் பிடித்து அனுப்பினார்: “அண்ணே, நாம போட்ட வரி மட்டும்தான் மாறுது. ஏத்தட்டுமா?”

“முதல் மேடைக்கு மட்டும் இப்ப ஏத்துப்பா. ரெண்டாவதுல லாரி நிக்குதுன்னு சொன்னியே, அது போனதும் ஏத்து.”