விலங்கா, சுழலா?

இந்த வாரம் பார்க்க எடுத்து வைத்தவை இரண்டு. இரண்டுமே 2022-இல் வந்த போலீஸ் வெப் தொடர்கள்.

‘விலங்கு’ 7 பகுதி. விமல் எஸ்.ஐ.யாக வருகிறார். வீட்டுக் கவலையையும் கொலை வழக்கையும் ஒன்றாகச் சுமந்து அலைகிறார். வளவளப்பு இல்லை.

‘சுழல்’ முதல் சீசன் 8 பகுதி. சிமென்ட் ஆலை எரிகிறது, அதே இரவில் ஒரு பெண் காணாமல் போகிறாள். பின்னணியில் மயானக் கொள்ளை, அங்காளம்மன் திருவிழா. காவேரிப்பட்டணத்தில் மாசி மாதம் அங்காளம்மன் வேஷம் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த மேளச் சத்தம் கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. கதை நடக்கும் ஊர் மலைப்பக்கம், சரி. ஆனால் அந்த ஆட்டம் நம்முடையதுதான்! நடுவில் கொஞ்சம் இழுவை, அதனால் என்ன? என் ஓட்டு சுழலுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடிக்க வேண்டுமா, விலங்கு. அப்புறம், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இரண்டும் வேண்டாம்.