பாரலாய்ட் பூச்சு முதல் ஐஸ்கிரீம் பெட்டி வரை: செட்டிநாட்டு வீட்டுச் சாமான்களைப் பதிந்து காத்த அனுபவம்

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில், இரண்டாம் கட்டின் (முற்றத்தைச் சுற்றிய இரண்டாவது பகுதி) சில அறைகளைச் சின்ன அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறோம். பித்தளை, மங்கு (எனாமல் பூசிய பாத்திரம்), பர்மா அரக்குச் சாமான், ரவி வர்மா அச்சுப் படங்கள், ஏட்டுச் சுவடி, ஓலைக் கொட்டான், கண்டாங்கிச் சேலை எல்லாம் கலந்து கிடந்தன. அவற்றுக்கு எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, கெடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை பல வருடங்களாக என்னுடையது. அதற்காக வாங்கியதில் எது உழைத்தது, எது மூலையில் கிடக்கிறது என்று எழுதுகிறேன். கையேடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை எழுதியவர்களுக்கு நம் ஊர்க் கத்திரி வெயிலும் தெரியாது, பங்காளிகளும் தெரியாது.

முதலில் எண். பொருளை விட்டு எண் பிரியக் கூடாது, தேவைப்பட்டால் தடமில்லாமல் எடுக்கவும் வர வேண்டும். இதற்கு அருங்காட்சியகங்கள் பயன்படுத்துவது பாரலாய்ட் பி-72. தெளிவான மணிகளாக வரும் அக்ரிலிக் பிசின். அசிட்டோனில் கரைத்து, பாத்திரத்தின் அடியில் விரல் நகம் அகலத்துக்குத் தடவி, காய்ந்ததும் பிக்மென்ட் மைப் பேனாவால் எண்ணை எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுத்துவிட வேண்டும். வேண்டாமென்றால் பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும். கீழ்க்கட்டில் இருக்கும் பித்தளை, மங்கு, பீங்கான் சாமான்களில் போட்ட எண்கள் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கின்றன.

ஆனால் இந்தப் பிசின் சுமார் 40 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பிக்கும். குளிர்நாட்டு அருங்காட்சியகத்தில் அது ஒரு விஷயமே இல்லை. எங்கள் கீழ்க்கட்டிலும் சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் புண்ணியம் கட்டிக்கொள்கின்றன. மேல்மாடி அறையில்தான் சித்திரை முடிவதற்குள் அண்டாக்களின் எண்கள் பிசுபிசுத்து, சுற்றி வைத்த டிஷ்யூ தாள் அதிலேயே ஒட்டிக்கொண்டது. மாடிச் சாமான்களுக்கு இப்போது உலோகத்துக்கென்றே உள்ள பி-48என் வாங்குகிறோம். அது இளகுவதற்கு 50 டிகிரி வேண்டும். அப்புறம் மழைக்காலம். ஐப்பசி கார்த்திகையில் பூசினால் அசிட்டோன் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் எண் போடும் வேலை மாசி, பங்குனியில்தான். மேல்பூச்சுக்கும் அதே அசிட்டோன் கரைசலைத் தடவினால் மை கலங்கும். வெள்ளை ஸ்பிரிட்டில் (மினரல் டர்பன்டைன்) கரையும் பி-67 என்ற இன்னொரு பாரலாய்ட் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

அரக்குச் சாமான், வர்ணம் பூசிய மரம், செல்லுலாய்ட் சீப்பு, பொம்மை இவற்றில் அசிட்டோன் பக்கமே போகக் கூடாது. அவற்றுக்குப் பருத்தி நாடாவில் எண் எழுதிக் கட்டிவிடுகிறோம். சேலைக்கு நாடாவை ஓரத்தில் நான்கு தையல் போட்டுத் தைப்பது. காகிதத்துக்கு, பின்பக்க மூலையில் மென்மையான பென்சில். நடுவில் ஓர் உறவுக்காரப் பையன் கியூஆர் ஸ்டிக்கர் யோசனை கொண்டுவந்தான். வெப்ப அச்சு ஸ்டிக்கர் என்பதால் மாடி வெயிலில் கறுப்பு வெளிறி, போன் கேமரா அதைப் படிக்கவே மறுத்துவிட்டது. அந்த அச்சு இயந்திரம் இப்போது கல்யாணப் பந்தியில் டப்பாக்களுக்கு லேபிள் அடிக்கிறது.

நம் பெரியவர்கள் பாத்திரத்தில் பேர் வெட்டியது இதற்கெல்லாம் முந்திய ஏற்பாடு. எங்களிடம் இருக்கும் ஓர் அடுக்குச் சட்டியின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், உளியால் குத்திய புள்ளிகளில் மூன்று தலைமுறை விலாசம், அதாவது பேர்களின் முதலெழுத்துகள், தெரியும். பக்கத்திலேயே தமிழ் எண்ணில் எடை. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் அதற்கடியில் தட்டி அழித்த வேறொரு விலாசத்தின் பாதி. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதற்கு அந்தப் பாதிதான் சாட்சி. பதிவேட்டில் அதை அப்படியே, புள்ளி விட்ட இடத்தில் புள்ளி விட்டு எழுதியிருக்கிறேன்.

இதனால்தான் புளி போட்டுத் தேய்ப்பதை நிறுத்தினோம். புளியின் அமிலம் கறையை மட்டும் எடுப்பதில்லை. பித்தளையிலிருந்து துத்தநாகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடும், சாமான் சிவந்து போகும். தேய்க்கத் தேய்க்க விலாசமும் மழுங்கும். வீட்டில் வேலை பார்க்கும் அக்காவுக்கு இதில் உடன்பாடே கிடையாது. "தம்பி, ஆச்சி காலத்துச் சாமானை இப்படிக் கறுப்பா வெச்சா வர்றவுக என்ன நினைப்பாக?" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார். புழக்கத்தில் இருக்கும் விளக்கும் குடமும் அவர் கைக்கு, அறைக்குள் இருப்பது என் கைக்கு என்று சமாதானம் ஆகியிருக்கிறது. வெண்கலத்தில் வெளிர்பச்சையாக மாவு பூத்தால் மட்டும் இருவருமே தொடுவதில்லை. அது குளோரைடு செய்யும் வேலை. தனியாக உலர்ந்த இடத்தில் ஒதுக்கிவிட்டு, தெரிந்தவர்களைக் கூப்பிட வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே மின்பகுப்பு முறையில் சிலைகளுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். உலோக அரிப்பை ஆராயும் சிக்ரி என்ற மத்திய ஆய்வு நிலையம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது, வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில். இருந்தும் நாம் புளியை நம்பிக்கொண்டிருந்தோம்.

சிலிக்கா ஜெல் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் பழைய புகைப்படங்களோடு போட்டால் அருமையாக வேலை செய்கிறது. நிறம் மாறினால் 120 டிகிரி அடுப்பில் காயவைத்துத் திரும்பப் போடலாம். பெட்டகத்துக்குள் போடுவது தண்டம். எவ்வளவு கெட்டியான தேக்காக இருந்தாலும் இடுக்கு வழியாகக் காற்று போய் வரும், ஜெல் சீக்கிரமே நனைந்து உட்கார்ந்துவிடும். அதைவிட, மழை விட்ட காலையில் பெட்டகத்தைத் திறந்து வைப்பது பயன் தருகிறது. ஈரப்பதம் காட்டும் சின்ன மானி ஒவ்வோர் அறையிலும் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எந்த ஜன்னலை எப்போது திறப்பது என்று முடிவாகிறது.

நாப்தலின் உருண்டைகளை மொத்தமாக வெளியேற்றியாயிற்று. மூச்சுக்கும் நல்லதில்லை, அடைத்த பெட்டிக்குள் அதன் ஆவி மறுபடி பொருள்மேலேயே படியும். பூச்சிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது, பழைய சாமான் கடையில் வாங்கிய ஐஸ்கிரீம் டீப் ஃப்ரீசருக்கு. கொட்டான், இராமபாணப் பூச்சி விழுந்த கணக்குப் புத்தகம், தறிச் சேலை எதுவானாலும் பாலிதீன் உறையில் காற்றை நீக்கி ஒட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம். புழுவும் முட்டையும் சேர்ந்தே போகும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்து நனைந்துவிடும். வர்ணம் பூசிய மரம், அரக்கு, கண்ணாடிச் சட்டம் போட்ட படம் இதற்குள் போகவே கூடாது. மின்வெட்டு வந்தால் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

ஏட்டுச் சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினோம், மிகக் கொஞ்சமாக. அதிகம் போனால் தூசியைப் பிடித்துக்கொண்டு கறுக்கும். வசம்புத் துண்டும் சுற்றிய துணியும் பழையபடியே தொடர்கின்றன.

காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணப் பத்திரிகை, கடை நோட்டீஸ், ரசீது எல்லாம் "குப்பை, இதுக்குமா நம்பர்?" என்று கேட்கப்பட்டவை. கோட்டையூரில் ரோஜா முத்தையா புத்தகங்களோடு இந்த மாதிரித் துண்டுக் காகிதங்களையும் சேர்த்து வைத்தார். அவர் சேகரிப்பு 1994-ல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. அதைச் சொன்ன பிறகு கேள்வி வருவதில்லை.

இனி பதிவேடு. முன்பு ஒருவர் கணினியில் அடித்து வைத்த பட்டியல் பழைய எழுத்துருவில் இருந்ததால், எழுத்துரு போனதும் பட்டியலும் கிறுக்கலாகிவிட்டது. பிறகு ஒரு நிறுவனத்தின் இணைய மென்பொருள் வாங்கினோம். அழகாகத்தான் இருந்தது. சந்தாவை ஏற்றிவிட்டு, பழைய படங்களை இறக்கிக்கொள்ள வழியில்லாமல் செய்தார்கள். மத்திய அரசு அருங்காட்சியகங்களுக்கு சி-டாக் என்ற அரசுக் கணினி நிறுவனம் செய்து கொடுத்த ஜதன் மென்பொருள் போன்றவை பெரிய இடத்துக்குச் சரி. எங்களுக்கு யூனிகோடில் ஒரு எக்செல் தாளும், அதைப் பார்த்து எழுதிய கெட்டி அட்டைப் பேரேடும் போதுமானதாக இருக்கின்றன. விலாசத்தை எல்லோரும் ஒரே மாதிரி, புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. இல்லாவிட்டால் தேடும்போது பாதிச் சாமான் கண்ணில் படாது.

எந்தெந்தக் கட்டம் வேண்டும் என்பதற்கு 1997-ல் வெளியான ஆப்ஜெக்ட் ஐடி என்ற சர்வதேசப் பட்டியலை எடுத்துக்கொண்டோம். திருடு போனால் காவல்துறை அடையாளம் காணத் தோதான விவரங்கள்: படம், அளவு, உலோகம், எழுத்து, தனி அடையாளம். தனி அடையாளத்தில் நசுங்கலையும் கீறலையும்தான் எழுத வேண்டும், அழகை அல்ல. பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைந்த ஊரில் இது முக்கியம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூணும் தூக்கும் மங்குத் தட்டும் அடுக்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, எழுதி வைக்காத சாமான் யார் வீட்டுடையது என்று நிரூபிக்கவே முடியாது என்பது புரியும். படம் எடுக்க வளவில் (உள்முற்றத்தில்) காலை ஒன்பது மணி வெளிச்சம், ஒரு சாம்பல் நிறத் துணி, எதிர்ப்பக்கம் ஆள் பிடித்துக்கொள்ளும் வெள்ளை வேட்டி. விளக்கு எதுவும் வாங்கவில்லை.

ஆனால் தினமும் திறந்து பார்க்கும் கட்டம் "இடம்" ஒன்றுதான். பிரிட்டனின் ஸ்பெக்ட்ரம் என்ற அருங்காட்சியக நடைமுறைத் தொகுப்பிலும் பொருள் எங்கே இருக்கிறது, எப்போது நகர்ந்தது என்பதற்கு ஒரு தனிப் பகுதி இருக்கிறது. முதலில் படித்தபோது அலுவலகச் சடங்கு என்று தோன்றியது. எங்கள் சாமான்கள் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருப்பவை அல்ல. ஒரு பங்காளி வீட்டில் கல்யாணம் என்றால் அண்டா போகும், குத்துவிளக்கு போகும், ஜமக்காளம் போகும். எழுதாமல் போனது திரும்ப வந்ததாகச் சரித்திரமில்லை. இப்போது எடுப்பவர் பேர், தேதி, வைத்த இடம், போகும்போதும் வரும்போதும் ஒரு போன் படம். வருணனை இரண்டு வருடம் பிந்தினாலும் குடி முழுகாது. இடம் அன்றைக்கே எழுதியாக வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மூன்றே கட்டத்தோடு தொடங்கலாம்: எண், என்ன, எங்கே.

முன்னோர் படையலுக்கான படைப்புப் பேழைக்கும் அதிலுள்ள சேலைக்கும் எண் போடவில்லை. கும்பிடுகிற பொருளில் பிசின் தடவப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை, எனக்கும் மனம் ஒப்பவில்லை. பேரேட்டில் ஒரு வரி மட்டும் இருக்கிறது, படம் இல்லாமல்.

கையேடுகளில் இல்லாத ஒரு கட்டத்தையும் சேர்த்தோம்: "பங்கு". எந்தப் பங்காளி வழி வந்தது, பொதுவா தனியா என்று. ஒவ்வொரு பொங்கலுக்கும் பதிவேட்டை அச்செடுத்து எல்லா வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். காப்புப் பிரதியாக இதைவிடப் பத்திரமானது கிடையாது, படித்துவிட்டுச் சண்டைக்கும் வருவார்கள். போன தடவை பிரதி கிடைத்த கையோடு மதுரையிலிருந்து ஓர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, அந்தக் கூஜா எங்க ஆயா வீட்டுலேருந்து ஆத்தாவுக்கு வந்த சீரு. அதை எப்படிப் பொதுவுல போட்டே?" கூஜாவில் விலாசம் இல்லை, மூடியில் மட்டும் ஒரு பூ. அந்தக் கல்யாணத்துச் சீர்ப் பட்டியல் எந்தப் பெட்டகத்தில் இருக்கிறதென்று தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை பங்கு என்ற கட்டத்தில் "விசாரணையில்" என்று போட்டு வைத்திருக்கிறேன்.